ஈர மண்ணில் மறுபடியும் தண்ணீர்

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி 14 மாதம் ஆகிறது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது புதுச்சேரி லாஸ்பேட்டையில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறீர்கள். முதல் கல்யாண நாளுக்கு, ஐப்பசி மாதம், உங்கள் வீட்டுக்காரர் வெள்ளைப் பீங்கான் தொட்டியில் பீஸ் லில்லி (peace lily) என்கிற, வீட்டுக்குள் வளர்க்கிற பூச்செடி ஒன்றை வாங்கித் தந்தார். தினமும் காலையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, இலை இலையாகத் துடைத்துப் பார்த்துக்கொண்டீர்கள். கார்த்திகை முடிவதற்குள் அது துவண்டு படுத்துவிட்டது. வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர், "ஒரு செடியைக் காப்பாத்தத் தெரியாதவ குடும்பத்த எப்படிக் காப்பாத்துவா" என்று சொல்லிவிட்டுப் போனார். உங்கள் வீட்டுக்காரரும் கொஞ்ச நாளாகச் சரியாகப் பேசுவதில்லை. செடி வளர்ப்பிலிருந்து தாம்பத்தியத்துக்குக் கற்றுக்கொள்ள ஏதாவது உண்டா, இல்லை என் கைராசிதான் கோளாறா என்று கேட்கிறீர்கள்.

இரண்டு மூன்று முறை படித்துப் பார்த்தேன். செடியைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் உள்ளே இருக்கிற கேள்வி வேறு என்று எனக்குப் படுகிறது. இவ்வளவு பாசம் கொட்டியும் ஏன் வாடியது, அவர் விஷயத்திலும் இதுவேதான் நடந்துகொண்டிருக்கிறதா என்ற பயம்தான் அது. அதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன்.

நான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தோட்டக்கலை படித்தவள். 22 வருடமாகக் கடலூர் – புதுச்சேரி சாலையில் தவளக்குப்பம் தாண்டி ஒரு சின்ன நர்சரி நடத்துகிறேன். கல்யாணமாகி 24 வருடம். செடியைப் பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம், அது படிப்பும் கைப்பழக்கமும். கணவன் மனைவி விஷயத்தில் எனக்கு இருப்பது என் ஒரு குடும்பமும், செடி வாங்க வருகிற பெண்கள் தொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போகும் கதைகளும்தான். அந்தப் பகுதியை ஓர் அக்கா சொல்வதாக மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தச் செடி எப்படிச் செத்தது என்று பார்ப்போம். நீங்கள் சொன்ன விவரங்களை வைத்துப் பார்த்தால் அது தாகத்தில் சாகவில்லை. வேர் அழுகித்தான் போயிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை என்றால் நம் ஊரில் அடைமழைக் காலம். காற்று முழுக்க ஈரம். வெயில் காலத்தில் இரண்டு நாளில் காய்கிற தொட்டி, அப்போது வீட்டுக்குள் ஒரு வாரம் பத்து நாள் ஆனாலும் காயாது. அதன் மேல் தினமும் ஒரு சொம்பு. போதாக்குறைக்குப் பீங்கான் தொட்டி. கடையில் அழகுக்காக விற்கிற பல பீங்கான் தொட்டிகளுக்கு அடியில் ஓட்டையே இருக்காது. உங்களுடையதைத் திருப்பிப் பாருங்கள்.

வேரும் மூச்சு விடுகிறது என்பது பலருக்குத் தெரியாது. மண் துகள்களுக்கு நடுவில் இருக்கிற சின்னச் சின்ன இடைவெளிகளில் காற்று நிற்கும், அதிலிருந்துதான் வேர் ஆக்ஸிஜன் எடுக்கும். அந்த இடைவெளி முழுவதும் தண்ணீர் நின்றுவிட்டால் வேர் மூச்சு முட்டிப்போகும். அப்படி நலிந்த வேரில் பித்தியம் மாதிரியான அழுகல் கிருமிகள் சுலபமாக ஏறிவிடும். அழுகிய செடியை ஒருமுறை தொட்டியிலிருந்து உருவிப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. சாக்கடை வாடை வரும். நல்ல வேர் வெள்ளையாக, விரலால் அழுத்தினால் திடமாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பாகி, இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறை கழன்ற மாதிரி கையோடு வந்துவிடும். உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சும். மேலே பார்த்தால் இலைகள் தொங்கிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் ஏமாந்துபோகிறார்கள். தண்ணீர் இல்லாமல் தவிக்கிற பீஸ் லில்லியும் இப்படித்தான் தொங்கும். மொத்தச் செடியும் தலை கவிழ்ந்து படுத்துவிடும். தண்ணீர் ஊற்றினால் சில மணி நேரத்தில் எழுந்து நிற்கும். அதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால், செடி தொங்கினாலே தண்ணீர்தான் மருந்து என்று மனசில் பதிந்துவிடும். வேர் அழுகினாலும் இலைக்குத் தண்ணீர் ஏறாது, அதனால் அதே தொங்கல்தான். கீழே மண் சொதசொதவென்று இருக்கும், மேலே இலை தாகத்தில் வாடுகிற மாதிரியே தெரியும். பார்த்ததும் பதறிப்போய் இன்னொரு சொம்பு ஊற்றுவோம். காரணம் நேர் எதிர், அறிகுறி ஒன்றே. இலையைப் பார்த்து இரண்டையும் பிரிக்க என்னாலும் பல நேரம் முடியாது. மண்ணுக்குள் விரலை விட்டுத்தான் பார்க்க வேண்டும். இரண்டாவது கணு வரைக்கும் விரலை இறக்கி, அங்கே ஈரம் தட்டுப்பட்டால் சொம்பைக் கீழே வைத்துவிட வேண்டும். இல்லையென்றால் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். காய்ந்த தொட்டியின் எடையும் ஈரத் தொட்டியின் எடையும் பத்து நாளில் கைக்கே பழகிவிடும்.

தாம்பத்தியத்துக்குச் செடியிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறதென்றால், என் கணக்கில் இந்த விரல்தான். "தினமும் அன்பு என்னும் நீர் ஊற்றுங்கள்" என்று வாட்ஸப்பில் பூப் படத்தோடு வருகிற வாசகத்தை எழுதியவர் ஒரு தொட்டிச் செடியை ஒரு வருடம் வளர்த்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார். வீட்டுச் செடிகள் பாராமுகத்தால் சாவதைவிட அதிகக் கவனிப்பால் சாவதைத்தான் என் வாசலில் அதிகம் பார்த்திருக்கிறேன். கொண்டுவந்து காட்டுகிறவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள், "தண்ணி கரெக்டா ஊத்தினேங்க." ஊற்றியது நிஜம். ஊற்றுவதற்கு முன் பார்த்தார்களா என்பதுதான் கேள்வி. பல நேரம் அந்தத் தண்ணீர் செடிக்காக ஊற்றப்படுவதில்லை, நம் பதற்றம் தணிவதற்காக ஊற்றப்படுகிறது. இதை யாரையும் குத்திக்காட்டச் சொல்லவில்லை. நானே என் வீட்டில் அப்படி ஊற்றியவள்.

2011 டிசம்பர் 30, விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியது. அப்போது நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள், மஞ்சக்குப்பத்துக்காரி என்பதால் நினைவிருக்கும். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. எங்கள் நர்சரிக்கு ஐந்து மாதம் முன்புதான் கடன் வாங்கி நிழல்வலை போட்டிருந்தோம். அது கிழிந்து பக்கத்துத் தென்னந்தோப்பில் தொங்கியது. உப்புக்காற்று அடித்ததில் செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூ எல்லாவற்றிலும் ஓர் இலை மிச்சமில்லை. வெறும் குச்சிகள். அப்படியே வாரிக் குப்பையில் போடச் சொன்னவர்கள் உண்டு. நாங்கள் ஒவ்வொரு தொட்டியாக உட்கார்ந்து, கட்டைவிரல் நகத்தால் பட்டையை லேசாகக் கீறிப் பார்த்தோம். உள்ளே பச்சையாக, ஈரமாகத் தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகக் காய்ந்திருந்தால் அந்தக் கிளை போய்விட்டது, இன்னும் கீழே இறங்கிக் கீற வேண்டும். மேலே செத்து, அடியில் நாலு விரற்கடை மட்டும் பச்சை இருந்த செடிகள் ஏராளம். அவற்றை அந்த இடத்தில் வெட்டிவிட்டு, நிழலில் வைத்து, மண் காயும்போது மட்டும் கொஞ்சம் தண்ணீர் கொடுத்தோம். எரு எதுவும் வைக்கவில்லை. இலையே இல்லாத, வேர் அசைந்துபோன செடிக்கு உரம் வைத்தால் அதிலிருக்கிற உப்பு வேரைச் சுட்டுவிடலாம்.

அந்த நாட்களில் எங்கள் வீட்டுக்காரர் பேச்சை நிறுத்திவிட்டார். சண்டை எதுவும் இல்லை. சாப்பிடுவார், எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார். நான் விடவில்லை. அவருக்குப் பிடிக்கும் என்று நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்து, வேண்டாம் என்றாலும் இன்னொரு கரண்டி ஊற்றி, பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பேன். "என்னாச்சு, ஏன் பேச மாட்டேங்கறீங்க, என் மேல எதும் கோபமா?" ஒரு நாள் விட்டு ஒரு நாள் அழுகை வேறு. அவர் பாதித் தட்டோடு எழுந்துவிடுவார்.

பொங்கல் முடிந்த சமயம். வேலைக்கு வந்த பையன் ஒருவன் மொட்டையாக நின்ற செம்பருத்திக்கு மண்புழு உரம் அள்ளிக்கொண்டு போனான். நான் ஓடிப்போய்க் கூடையைப் பிடுங்கி, "அது உயிர் பிழைக்கவே தவிக்குது, இப்பப் போய் எருவா" என்று சத்தம் போட்டேன். எங்களிடம் களை எடுக்க வருகிற ஆயா ஒருவர் குனிந்த தலை நிமிராமல், "செடிக்குச் சொல்ற புத்திய வூட்டுக்குள்ளயும் கொஞ்சம் எடுத்துட்டுப் போம்மா" என்றார். நர்சரிக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு கீற்றுத் தடுப்புதான், எல்லாம் அந்த ஆயா காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது.

அன்று ராத்திரி நான் எதையும் கேட்கவில்லை. முருங்கைக்கீரையை முறத்தில் எடுத்துக்கொண்டு திண்ணையில் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து ஆய்ந்தேன். மறுநாளும் அப்படியே. பத்து நாள் போயிருக்கும். ஒரு ராத்திரி முறத்திலிருந்து அவரும் ஒரு கொத்தை எடுத்து உருவிக்கொண்டே, "வலைக்கு வாங்கின கடன்ல நாப்பதாயிரம் உனக்குத் தெரியாம வாங்கினது" என்றார். அதுவரை நான் கேட்ட கேள்விகள் எல்லாமே என்னைப் பற்றியவை, என் மேல் கோபமா, என்னைப் பிடிக்கவில்லையா என்று. அவர் மனசில் இருந்தது அந்தக் கடன். நான் சும்மா இருந்ததால்தான் அவர் வாய் திறந்தார் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. தவணை நாள் நெருங்கியதும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் நான் கேட்டுக் கேட்டு வராத பேச்சு, கேட்காமல் உட்கார்ந்திருந்தபோது வந்தது. இது மட்டும் நிச்சயம்.

உங்கள் வீட்டுக்காரரின் மௌனமும் இதே மாதிரிதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நான் சொன்ன தொங்கல் கதையில் இன்னொரு பாதி உண்டு. நிஜமாகவே தண்ணீர் இல்லாமல் தவிக்கிற செடிகளும் இருக்கின்றன. இன்று நர்சரியிலிருந்து வருகிற பெரும்பாலான தொட்டிகளில் இருப்பது கோகோபீட், அதாவது தேங்காய் நார்த்தூள். அது ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உடனே ஏற்காது. சுருங்கித் தொட்டியின் ஓரத்தை விட்டு விலகி நிற்கும். மேலே ஊற்றுகிற தண்ணீர் அந்த ஓர இடைவெளி வழியாக இறங்கி அடியில் வடிந்துவிடும். தட்டில் தண்ணீர் நிற்பதைப் பார்த்து நாம் நிறைய ஊற்றிவிட்டோம் என்று நினைப்போம், வேர்ப்பந்து உள்ளே காய்ந்தபடியே இருக்கும். அதற்குச் சுலபமான வழி, தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்து, அடியிலிருந்து மெதுவாக உறிஞ்ச விடுவதுதான்.

மனுஷர்களிலும் இதைப் பார்க்கிறேன். மாதக்கணக்கில் ஒரு வார்த்தை நின்று பேசாமல் இருந்துவிட்டு, ஒரு நாள் நான்கு பவுனில் சங்கிலியோ ஊட்டிக்கு மூன்று நாள் டூரோ ஏற்பாடு செய்வார்கள். "இவ்வளவு பண்ணியும் முகத்துல சந்தோஷமே இல்ல பாருங்க" என்று குறைப்படுவார்கள். உள்ளே காய்ந்தவருக்கு அது ஓரமாக வழிந்துபோகும். அப்படிப்பட்டவருக்கு வேண்டியது ஒரு நாள் வெள்ளம் அல்ல. சாயங்காலம் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து கேட்கிற பத்து நிமிடம், அதுவும் பல வாரத்துக்கு.

உங்கள் வீட்டில் இரண்டில் எது என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது. விரலை வைத்துப் பார்க்க வேண்டியவர் நீங்கள். ஒரு வாரம் ஊற்றுவதையும் நிறுத்துவதையும் விட்டுவிட்டுப் பார்க்க மட்டும் செய்யுங்கள். அவர் எந்த நேரத்தில் வாய் திறக்கிறார்? வந்ததும் பேசினால் எரிச்சல் வருகிறதா, குளித்துவிட்டு வந்தால் சரியாகிறாரா? நீங்கள் போன் செய்தால் ஒரு வார்த்தையில் பதில் சொல்பவர், பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகும்போது பேசுகிறாரா? சில ஆண்களுக்கு முகத்துக்கு முகம் பார்த்தால் வார்த்தை வராது, பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது கைவேலை செய்யும்போதுதான் வரும்.

இதில் ஆராய்ச்சியும் கொஞ்சம் உண்டு. ஜான் காட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் புதுமணத் தம்பதிகளை வீடு மாதிரி அமைத்த ஆய்வுக்கூடத்தில் தங்கவிட்டுப் பதிவு செய்து, 6 வருடம் கழித்துத் திரும்ப விசாரித்தார். துணை சொல்கிற சின்னச் சின்னப் பேச்சுக்கு, "அங்க பாரு அந்தப் படகு" என்கிற மாதிரி ஒன்றுமில்லாத பேச்சுக்கு, சேர்ந்து வாழ்ந்துகொண்டிருந்தவர்கள் 100-க்கு 86 முறை திரும்பிப் பதில் சொல்லியிருந்தார்கள். பிரிந்துபோனவர்கள் 33 முறைதான். பதில் சொல்லாததால் பிரிந்தார்களா, பிரிகிற மனநிலையில் இருந்ததால் பதில் சொல்லவில்லையா என்பதை இந்த எண்ணிக்கை மட்டும் நிரூபித்துவிடாது. அதோடு, இது அமெரிக்கத் தம்பதிகளைப் பார்த்துச் சொன்னது. மாமியார், நாத்தனார், வாராவாரம் வந்து போகிற சொந்தம் என்று இருக்கிற நம் வீடுகளுக்கு அந்த எண்ணை அப்படியே கொண்டுவர மாட்டேன். ஆனால் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இன்னொன்று, உங்கள் 14 மாதத்தைப் பற்றி. நாற்றங்காலிலிருந்து பிடுங்கி நட்ட நாற்று நட்டவுடன் பச்சை பிடிக்காது. ஒரு வாரம் பத்து நாள் மஞ்சளாகச் சோர்ந்து நிற்கும், உள்ளே புது வேர் விட்டுக்கொண்டிருக்கும். அந்தச் சமயத்தில் எந்த விவசாயியும் பயிர் போச்சு என்று உழுதுவிட மாட்டார். வீட்டுச் செடியில் ஃபைக்கஸ் பெஞ்சமினா என்று ஒன்று உண்டு, இடம் மாற்றினாலே இலையைக் கொட்டும். நர்சரியில் வெளிச்சத்தில் வளர்ந்தது வீட்டு மங்கலுக்குப் பழக வேண்டுமே. புதுச்சேரியில் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற தாவரவியல் பூங்காவைப் பிரெஞ்சுக்காரர்கள் 1826-ல் ஆரம்பித்ததே, எந்தப் பயிர் இந்த மண்ணுக்குப் பழகும் என்று வைத்துப் பார்க்கத்தான். பழகுவதற்கு ஒரு காலம் உண்டு. பிறந்த வீட்டை விட்டு வந்தது நீங்கள்தான். உங்களுக்கே அந்தக் காலம் முடிந்திருக்காது. அவரைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள், உங்களுக்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. அதையும் யோசித்துப் பாருங்கள், தங்கச்சி.

இப்போது சந்தேகமான விஷயங்கள். செடியோடு பேசினால் நன்றாக வளரும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. பேசுகிறவர்கள் பக்கத்தில் போய் நிற்பதால் பூச்சியையும் காய்ந்த மண்ணையும் சீக்கிரம் கவனிக்கிறார்கள், அதனால் வளர்கிறது என்பது என் எண்ணம். தொட்டுக்கொண்டே இருப்பதைப் பற்றி மட்டும் உறுதியாகச் சொல்லலாம். தண்டைத் தினமும் தடவிக்கொண்டே இருந்தால் பல செடிகள் நெட்டுக்கு வளராமல் குட்டையாகித் தடித்துப்போகும். ஜாஃபே என்ற தாவரவியலாளர் 1973-லேயே இதைச் சோதித்து ஒரு பெயரும் வைத்தார். செடி வளர்க்கிறவர்கள் நல்ல துணையாக இருப்பார்கள் என்பதும் வெறும் பேச்சுதான். தோட்டத்தைப் பொன்னாக வைத்துக்கொண்டு வீட்டில் பெண்டாட்டியோடு முகம் கொடுத்துப் பேசாத மனிதர்கள் எனக்கு வாடிக்கையாளர்களாகவே இருக்கிறார்கள். சகுனம், கைராசி இரண்டையும் விட்டுவிடுங்கள். ஓட்டையில்லாத தொட்டியில் மழைக்காலத்தில் தினமும் தண்ணீர் ஊற்றினால் என் கையிலும் அது செத்திருக்கும். உங்கள் சொந்தக்காரர் சொன்னது தவறு, அதில் சந்தேகமே வேண்டாம்.

செடியை வைத்துத் தாம்பத்தியத்தைப் பேசும்போது ஓரிடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். செடி நம் உடைமை, வெளிச்சமான இடம், தொட்டி அளவு, எங்கே கவாத்து செய்வது எல்லாம் நம் முடிவு. புருஷனையோ பெண்டாட்டியையோ அப்படி "வளர்க்க" நினைத்தால் அங்கே கோளாறு ஆரம்பிக்கும். செடியால் பேச முடியாது, அதனால்தான் விரல் வேண்டியிருக்கிறது. அவரால் முடியும். ஒரு வாரம் பார்த்த பிறகு, நல்ல நேரம் பார்த்து, "நான் ரொம்ப நச்சரிக்கிறேனா, இல்ல கவனிக்காம விட்டுட்டேனா? எனக்குப் புரியல, நீங்களே சொல்லுங்க" என்று கேட்டுவிடலாம். கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பொறுத்திருங்கள். உடனே வராது. அப்புறம், மௌனம் என்பது வெறும் மௌனமாக இல்லாமல் மிரட்டலோ கைநீட்டலோ இருந்தால் இந்தச் செடிக் கதை எதுவும் அதற்குப் பொருந்தாது. பொறுத்துப் பார்க்கிற வேலையே வேண்டாம். பிறந்த வீட்டில் சொல்லுங்கள், 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை, இருந்தாலும் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

சரி, அந்தத் தொட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் பழைய செய்தித்தாளை விரித்துக் கவிழ்த்துப் பாருங்கள். அவரையும் கூப்பிடுங்கள், அவர் வாங்கித் தந்த செடிதானே. பீஸ் லில்லியின் இலைகள் எல்லாம் கூடுகிற அடிக்கட்டையை அழுத்திப் பாருங்கள். கூழாக நசுங்கினால் போய்விட்டது. திடமாக இருந்தால் இன்னும் வாய்ப்பு இருக்கிறது. பழுப்பு வேரை எல்லாம் சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள், வெள்ளை வேர் நாலு இருந்தாலும் போதும். அடியில் ஓட்டை உள்ள சின்னத் தொட்டியாக எடுங்கள், பெரிய தொட்டி வேண்டாம், வேர் இல்லாத இடத்தில் தண்ணீர் தேங்கி மறுபடி அழுகும். அலசிப் பிழிந்த கோகோபீட்டோடு கொஞ்சம் ஆற்று மணல் கலந்து நிரப்புங்கள். ஒரு கைப்பிடி மண்புழு உரத்தைப் பிறகு சேர்க்கலாம், இப்போது வேண்டாம். ஜன்னலுக்குப் பக்கத்தில், நேர் வெயில் படாத இடம். கடலோரத்து போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இலை நுனி கருகும், மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதை ஊற்றுங்கள். புது இலை எட்டிப்பார்க்க மூன்று நான்கு வாரம் ஆகும். அதுவரை விரலை வைத்துப் பார்க்கிற வேலையை ஒரு நாள் நீங்களும் ஒரு நாள் அவருமாகச் செய்யுங்கள். அடிக்கட்டை எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.